22, 212212, அப்புறம்? ஒன்றரை அடிமானத்தில் மாலைமாற்று எண்கள்

கேள்வி — 4 ஜனவரி 2022, மாலை

பத்து அடிமானத்தில், அதாவது நாம் வழக்கமாக எழுதும் முறையில், 1221, 7337 மாதிரி, முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக இருக்கும் மாலைமாற்று எண், இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், எதுவானாலும் 11-ஆல் வகுபடும். அடிமானம் ஒன்றரை, அதாவது 3/2, என்று வைத்துக்கொண்டால்? அதில் 5-ஐ எழுதினால் 22 வருகிறது. 35-ஐ எழுதினால் 212212. இரண்டுமே 5-ஆல் வகுபடுகின்றன. "இரட்டை நீள மாலைமாற்று எல்லாம் 5-ஆல் வகுபடும்" என்று சொல்லிவிடலாமா, இல்லை இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு கோட்டை கட்டுகிறேனா?

4 ஜனவரி, இரவு 10.40

பதிலுக்கு முன்னால், எல்லோரும் ஒரே முறையில்தான் எழுதுகிறோமா என்று பார்த்துக்கொள்வோம். ஒன்றரை அடிமானம் என்று இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்றில் 0, 1 இரண்டே இலக்கம். அதில் சாதாரண 2-ஐ எழுதினாலே புள்ளிக்கு அப்புறம் முடிவில்லாத வால் நீளும். கேட்டவர் எழுதியிருப்பது அது இல்லை. இது 0, 1, 2 மூன்றும் உள்ள வகை. எல்லா முழு எண்ணும் வாலில்லாமல் முடியும்.

செய்முறை: எண்ணை 3-ஆல் வகு, மீதியை எழுது, ஈவை இரட்டிப்பாக்கு, அதை மறுபடி 3-ஆல் வகு. மீதிகளை வலமிருந்து இடமாக அடுக்கு. 35-க்கு மீதி 2, ஈவு 11, இரட்டித்தால் 22. 22-க்கு மீதி 1, ஈவு 7, இரட்டித்தால் 14. அப்படியே 8, 4, 2 என்று இறங்கி நிற்கும். 212212. கேட்டவர் கணக்கு சரி.

ஏன் இரட்டிப்பு? ஓர் இடத்தில் 3 சேர்ந்தால், இடப்பக்கத்து இடம் ஒன்றரை மடங்கு என்பதால் அங்கே 2 போட்டால் சமம். அவ்வளவுதான் இரகசியம்.

0-இல் தொடங்கி 17 வரை: 0, 1, 2, 20, 21, 22, 210, 211, 212, 2100, 2101, 2102, 2120, 2121, 2122, 21010, 21011, 21012.

4 ஜனவரி, இரவு 11.30

சரி, பதில். சொல்லலாம். கோட்டைக்கு அஸ்திவாரம் இருக்கிறது.

5-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கிறவனுக்கு 3-ம் −2-ம் ஒரே ஆள். அப்படியானால் 3/2 என்பது −1. இட மதிப்புகள் வலமிருந்து 1, −1, 1, −1 என்று மாறிமாறி வருகின்றன. ஆகவே இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்த்தால் 5-இன் மீதி கிடைத்துவிடும். பின்னத்துக்கு மீதி பார்ப்பது உறுத்துகிறதா? முழு எண்ணையும் 2-இன் போதுமான அடுக்கால் பெருக்கிப் பின்னத்தை ஒழித்துவிட்டுச் செய்யுங்கள். 2-க்கும் 5-க்கும் பொதுக்காரணி இல்லை, வகுபடுவது படாதது எதுவும் மாறாது.

23 = 21222. வலமிருந்து 2−2+2−1+2 = 3. 23-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 3. சரி.

இரட்டை நீள மாலைமாற்றில் ஒவ்வொரு இலக்கமும் தன் கண்ணாடிப் பிம்பத்துக்கு எதிர்க்குறியில் உட்காரும். எல்லாம் அடிபட்டுச் சுழியம். பத்தில் 11 பார்க்கிற உத்தியோகத்தை இங்கே 5 பார்க்கிறது. 10+1 = 11. 3/2+1 = 5/2, அதில் மேலே இருக்கிற 5-க்குத்தான் வேலை.

(மாலைமாற்று என்ற சொல் பிடிக்காதவர்கள் விகடகவி எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம்.)

5 ஜனவரி

பட்டியலை மறுபடி பார்த்தேன். 1-ஐ விட்டுவிட்டால் 1-இல் தொடங்கும் முழு எண்ணே கிடையாது! எல்லாம் 2-இல் தொடங்குகின்றன. 6-க்கு மேல் எல்லாம் 21-இல். 10 என்று எழுதினால் அது ஒன்றரை, 11 என்றால் இரண்டரை, 100 என்றால் இரண்டேகால். முழு எண்ணாகவே இல்லை. பென்ஃபோர்டு விதியில் 1 தான் அதிகம் முதலில் வரும் என்று பாடம் படித்தவர்கள் இங்கே வந்தால் அழுவார்கள்.

காரணம் எளிது, ஆனால் எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். செய்முறையில் ஈவை இரட்டித்துத்தான் அடுத்த படிக்குப் போகிறோம். அதாவது கடைசி இலக்கத்தை அழித்தால் மிச்சம் நிற்பது ஓர் இரட்டைப்படை எண். அதிலும் கடைசியை அழித்தால் மறுபடி இரட்டைப்படை எண். 212212-ஐ வலமிருந்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போங்கள்: 22, 14, 8, 4, 2. தலைப்பகுதி எந்த இடத்தில் வெட்டினாலும் இரட்டைப்படை. ஒற்றைப்படை எண்ணுக்குப் பின்னால் எந்த இலக்கத்தையும் ஒட்ட முடியாது. ஒட்டினால் அரைக்கணக்கு வந்துவிடும்.

வால்பக்கம் நேர்மாறு. கடைசி இரண்டு இலக்கங்கள் ஒன்பது எண்களுக்கு ஒரு முறை சுற்றி வரும், கடைசி மூன்று 27-க்கு ஒரு முறை. எந்த வால் வேண்டுமென்றாலும் கிடைக்கும். தலை கட்டுப்பெட்டி, வால் ஊதாரி. மாலைமாற்று என்பது இந்த இருவரையும் ஒரே மாதிரி உடுத்தச் சொல்வது.

5 ஜனவரி, சிறிது நேரம் கழித்து

தனிச்செய்தியில் ஒருவர்: "9-க்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அது மாதிரி இங்கே எதற்கு?" எதற்கும் இல்லை. அடிமானத்தில் 1 கழித்தால் அரை. அரையின் தொகுதியில் 1 தான் இருக்கிறது. 1-ஆல் வகுபடுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது, வாழ்த்துகள்.

இரட்டைப்படையா என்று பார்க்க? வாலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கடைசி நூறு இலக்கங்களும் ஒத்துப்போகிற இரண்டு எண்களில் ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை என்று இருக்கலாம், ஏனென்றால் அவற்றின் வித்தியாசம் 3-இன் நூறாம் அடுக்கின் மடங்கு, அவ்வளவே. பத்து அடிமானத்தில் ஒரு குழந்தை ஒரு விநாடியில் சொல்வதை இங்கே முழு எண்ணையும் வாசித்துத்தான் சொல்ல வேண்டும்.

7 ஜனவரி, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நீளத்துக்கும் முதல் எண் எது என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஈரிலக்கம் 3-இல் தொடங்குகிறது, மூவிலக்கம் 6-இல், பிறகு 9, 15, 24. எல்லாவற்றையும் 3-ஆல் வகுத்தால் 1, 2, 3, 5, 8.

ஃபிபனாச்சி!! முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது! ஒன்றரை அடிமானத்துக்குள் ஃபிபனாச்சி ஒளிந்திருக்கிறது! காலையில் நிரூபணத்தோடு வருகிறேன்.

7 ஜனவரி, காலை

மேலே உள்ளதை அழிக்கப்போவதில்லை, எனக்கே பாடமாக இருக்கட்டும். அடுத்தது 13 இல்லை, 12. ஏழிலக்கம் 36-இல் தொடங்குகிறது. அதற்கப்புறம் 54, 81, 123, 186, 279, 420. மூன்றால் வகுத்தால் 1, 2, 3, 5, 8, 12, 18, 27, 41, 62, 93, 140. ஒவ்வொன்றையும் ஒன்றரை மடங்காக்கி, அரை வந்தால் மேலே தூக்கிவிடு, அவ்வளவே. ஐந்து உறுப்பு ஒத்துப்போனதும் மூளை தானாகவே ஆறாவதை எழுதிவிடுகிறது.

எத்தனை பேருக்கு இதே குழி தோண்டி வைத்திருக்கிறது இந்தத் தொடர் என்று யோசிக்கிறேன். ஏனென்றால் குழி இரண்டு. இந்தத் தொடர் 3/2-இன் அடுக்குகளை ஒரு மாறிலியால் பெருக்கி, பின்னத்தை வெட்டினால் கிடைக்கிறது. அந்த மாறிலி 1.62227... ஃபிபனாச்சியின் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் நெருங்கும் பொன் விகிதம் 1.61803. முதல் குழியில் விழாதவனைப் பிடிக்க இரண்டாவது. ஆட்களை வட்டமாக நிறுத்தி மூன்றாம் ஆளை மூன்றாம் ஆளாக வெளியேற்றும் ஜோசஃபஸ் புதிரில் இதே மாறிலி வரும். 1991-இல் ஆன்ட்ரூ ஓட்லிஸ்கோவும் ஹெர்பர்ட் வில்ஃபும் அதை ஆராய்ந்து எழுதினார்கள். தொடரைக் கணக்கிட்டுத்தான் அந்த மாறிலியை எடுக்கிறோம். மாறிலியை வைத்துத் தொடரை எழுதுவது தன் தோள்மேல் தானே ஏறுவது.

8 ஜனவரி

கேட்டவரின் 212212-ஐப் பார்த்தால் மாலைமாற்று என்பதற்கு முன்னால் கண்ணில் படுவது வேறு: 212, 212. ஒரே எண்ணை இரண்டு தரம் எழுதியது. 22-ம் அப்படியே.

பத்து அடிமானத்தில் 456456 என்று எழுதினால் அது 456 × 1001. 1001 = 7 × 11 × 13. சின்ன வயதில் யாரையாவது மடக்க இதைப் பயன்படுத்தாதவர்கள் உண்டா? இங்கே என்ன நடக்கிறது பாருங்கள். 212 என்பது 8. மூன்று இடம் இடப்பக்கம் தள்ளினால் 27/8 மடங்கு. 8-இன் 27/8 மடங்கு 27. அதோடு வலப்பக்கத்து 8. மொத்தம் 35. எட்டும் எட்டும் அடிபட்டுப் போய், 27+8 தான் நிற்கிறது. 22-இல் 3+2. நடுவில் ஒன்றைத் தவறவிட்டோம்: 4 என்பது 21, இரண்டு தரம் எழுதினால் 2121, அது 13. 9+4.

ஆக 5, 13, 35. அடுத்தது 81+16 = 97. அழகாக இருக்கிறது. 2-இன் அடுக்கை இரண்டு தரம் எழுதினால், 2-இன் அடுக்கும் 3-இன் அடுக்கும் கூடிய எண் வருகிறது. முடிவில்லாத குடும்பம்.

8 ஜனவரி, பத்து நிமிடம் கழித்து

ஃபிபனாச்சியில் வாங்கிய சூடு ஆறுவதற்குள் மறுபடியும். 97-ஐ எழுதிப் பார்த்தேன். 212001011. ஒன்பது இலக்கம். இரண்டு தரம் எழுதியதற்கு அடையாளமே இல்லை.

தப்பு எங்கே? 2 ஓரிலக்கம், 4 ஈரிலக்கம், 8 மூவிலக்கம். 16 நாலிலக்கமாக இருக்கும் என்று மனம் நம்பிவிட்டது. 16 = 21011. ஐந்து. அதை இரண்டு தரம் எழுதினால் 137.5 வருகிறது. அரை! பழைய அரைக்கணக்கு.

9 ஜனவரி

நேற்றைய தோல்வியில் இருந்து ஒரு தேற்றம் கிடைத்தது. நிரூபணம் நாலு வரிதான்.

ஓர் எண்ணை இரண்டு தரம் எழுதி முழு எண் வரவேண்டுமானால், அது எத்தனை இலக்கமோ 2-இன் அத்தனையாம் அடுக்கால் வகுபட வேண்டும். மூவிலக்கம் என்றால் 8-ஆல், நாலிலக்கம் என்றால் 16-ஆல். நாலிலக்கத்தில் மிகப் பெரிய எண் 14. பதினாறே எட்டவில்லை. ஐந்திலக்கத்தில் பெரியது 23, தேவை 32. ஆறில் 35, தேவை 64. ஒரு பக்கம் ஒன்றரை மடங்காக வளர்கிறது, மறுபக்கம் இரண்டு மடங்காக. இனி எப்போதும் எட்டாது.

ஆக ஒன்றரை அடிமானத்தில் இரட்டித்து எழுதிய முழு எண்கள் மொத்தமே மூன்று: 22, 2121, 212212. அதாவது 5, 13, 35. இதற்கு மேல் கிடையாது. பத்து அடிமானத்தில் எந்த எண்ணையும் இரண்டு தரம் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இங்கே உலகம் முழுவதுக்கும் மூன்று.

கேட்டவர் கொடுத்த இரண்டு உதாரணமும் இந்த மூன்றுக்குள்ளேயே இருக்கின்றன. 5-ஆல் வகுபட்டதற்கு அவர் கண்டது ஒரு காரணம். 35 விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 27/8 என்பது 7-இன் மீதிப்படி −1. மூன்று மூன்றாக வெட்டி மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 7-க்குச் சோதனை. ஒரே துண்டு இரண்டு தரம் வந்தால் அடிபட்டுவிடும். 1001 பத்தில் செய்வதை 35 இங்கே செய்கிறது, 5 × 7 ஆக.

12 ஜனவரி

மாலைமாற்று எண்களைக் கையால் தேடினேன். முறை: தலையை இடமிருந்து கட்டு, ஒவ்வொரு படியிலும் இரட்டைப்படையா என்று பார், நடுவைத் தாண்டியதும் இலக்கங்கள் தாமாகவே முடிவாகிவிடும், பின்பாதியில் எங்கேயாவது ஒற்றைப்படை தட்டினால் அந்தக் கிளையை வெட்டு. பெரும்பாலான கிளை பின்பாதியின் முதல் இரண்டு அடியிலேயே செத்துவிடும்.

278 வரை: 1, 2, 5, 8, 17, 35, 278. கடைசியது 21221112212, பதினோரு இலக்கம். 35-க்கும் 278-க்கும் நடுவே வெறும் பாலை.

14 ஜனவரி

பாலை இல்லை, ஒரு மரம் இருந்திருக்கிறது. 170-ஐ விட்டுவிட்டேன். 2120220212. ஒரு கிளையில் 20-இன் ஒன்றரை மடங்கோடு 2 சேர்த்து 32 என்று எழுத வேண்டிய இடத்தில் 31 எழுதி, ஒற்றைப்படை என்று வெட்டி எறிந்திருக்கிறேன். நோட்டில் அந்தக் கோடு அவ்வளவு தைரியமாக இழுக்கப்பட்டிருக்கிறது.

பிடித்தது எப்படி என்றால் கேட்டவரின் விதியால். இரட்டை நீளத்துக்கு 5, 35 இரண்டு மட்டும் இருக்க, விதி மூன்றாம் உதாரணம் இல்லாமல் நிற்பது உறுத்தியது. கடைசி இலக்கம் 2 ஆக வேண்டும், 5-ஆல் வகுபட வேண்டும். ஆகவே 15-ஆல் வகுத்தால் மீதி 5 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 36-இல் இருந்து 185 வரை அப்படி மிகச் சிலவே. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தால் 170 சிரித்துக்கொண்டு நிற்கிறது. 170 = 5 × 34. விதிக்கு மூன்றாம் சாட்சி.

15 ஜனவரி

பன்னிரண்டு இலக்கத்தில் எதுவும் இல்லை. பதின்மூன்றில் இரண்டு: 422 = 2101100011012, 494 = 2120010100212. இரண்டையும் பின்னிருந்து வகுத்துச் சரிபார்த்துவிட்டேன், இந்த முறை இரண்டு தரம்.

16 ஜனவரி

278-ஐயும் 422-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

21221112212
2101100011012

முதலாவதில் 0 இல்லை. இரண்டாவதில் முனைகளைத் தவிர 2 இல்லை. 278 என்பது பதினோரு இலக்க எண்களிலேயே பெரியது. அடுத்த எண் 279-க்குப் பன்னிரண்டு இலக்கம். தலையை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பெரிதாக வைக்கலாமோ அவ்வளவு பெரிதாக வைத்தால் 2, 4, 8, 14, 22, 34, 52, 80, 122, 184 வரும், அதன்மேல் 2 ஒட்டினால் 278. மேல் விளிம்பு. 422 அதற்கு எதிர்: ஒவ்வொரு படியிலும் எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு, 2, 4, 6, 10, 16, 24, 36, 54, 82, 124, 186, 280, கடைசியில் 2. கீழ் விளிம்பு.

கீழ் விளிம்பின் ஒவ்வோர் எண்ணும், அதற்கு முந்தைய நீளத்தின் மேல் விளிம்பு எண்ணோடு 2 கூட்டியது: 8-க்கு அப்புறம் 10, 14-க்கு அப்புறம் 16, 22-க்கு அப்புறம் 24. அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள், வேறென்ன. ஆகவே ஒரு விளிம்பின் இலக்கங்கள் தெரிந்தால், ஓர் இடம் தள்ளி 1 கூட்டினால் மற்றதன் இலக்கங்கள்: 1, 1, 0, 0, 0, 1, 1, 0 என்பது 2, 2, 1, 1, 1, 2, 2, 1 ஆகும்.

இந்த 1, 1, 0, 0, 0, 1, 1, 0, 1-க்கு ஏதாவது ஒழுங்கு உண்டா என்று நாள் முழுக்கத் தேடினேன். இல்லை என்று சொல்லவில்லை, என் கண்ணுக்குப் படவில்லை. இது விளையாட்டான சந்தேகம் இல்லை. ஒவ்வோர் இலக்கமும், ஓர் எண்ணின் ஒன்றரை மடங்கு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கேள்விக்குப் பதில். 3/2-இன் அடுக்குகளின் பின்னப்பகுதி எப்படிச் சிதறுகிறது என்ற பழைய முடிச்சின் நுனி இது. 1968-இல் கணிதவியலாளர் குர்ட் மாலர் கேட்டார்: ஓர் எண்ணை 3/2-ஆல் பெருக்கிக்கொண்டே போனால், பின்னப்பகுதி எல்லாப் படியிலும் அரைக்குக் கீழேயே இருக்கும்படி ஏதாவது நேர்ம எண் உண்டா? அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு நடுவே அதிகபட்சம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று காட்டினார். ஒன்றாவது உண்டா என்பது இன்னும் தீரவில்லை. நாம் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்துமுறையை ஷிகேகி அகியாமா, கிறிஸ்டியான் ஃப்ரூனி, ஜாக் சகரோவிச் மூவரும் 2008-இல் ஒழுங்காகக் கட்டியமைத்தது இந்த முடிச்சை மனத்தில் வைத்துத்தான்.

நான் மாலைமாற்று தேட வந்தவன். அந்தப் பக்கம் போகவில்லை.

20 ஜனவரி

"இன்னும் எத்தனை இருக்கும்?" என்று கேட்கிறார்கள். முதலில் "முடிவில்லாமல்" என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். சமீபத்திய வரலாறு அப்படி.

தோராயமாகப் போடுவோம். நீளம் ஒன்று கூடினால் எண்களின் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு. நீளம் இரண்டு கூடினால் 9/4 மடங்கு. ஆனால் ஒரு புது ஜோடி இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும். மூன்று இலக்கம், ஆகவே மூன்றில் ஒரு வாய்ப்பு. 9/4-ஐ 3-ஆல் வகுத்தால் 3/4. நீளம் இரண்டு கூடும்போதெல்லாம் எதிர்பார்ப்பு முக்காலாகக் குறைகிறது. பத்து அடிமானத்தில் இதே கணக்கு நூறைப் பத்தால் வகுத்துப் பத்து மடங்கு என்று ஏறும்.

பதினான்கு இலக்கம்: 315 எண்கள், ஏழு ஜோடி, 315/2187, சுமார் 0.144. பதினைந்து: 474/2187, சுமார் 0.217. இவை முக்கால் முக்காலாகத் தேய்ந்துகொண்டே போனால் எல்லா நீளங்களுக்கும் மொத்தமாக 0.361-இன் நாலு மடங்கு. 1.44. இனி உலகத்தில் மிச்சம் இருக்கும் மாலைமாற்று எண்கள் ஏறக்குறைய ஒன்றரை!

நிரூபணம் இல்லை இது, வாய்ப்பைக் கூட்டிப் பார்த்தது மட்டும். பதின்மூன்றுக்கு இதே கணக்கு 210/729, அதாவது 0.29 தான் தந்திருக்கும், கிடைத்ததோ இரண்டு. ஆனாலும் என் பந்தயம் முடிவுள்ள பட்டியல் என்ற பக்கம்.

21 ஜனவரி

நேற்றையதற்கு ஒரு பின்சேர்க்கை. "பின்ன அடிமானம் என்றாலே இப்படித்தானா?" இல்லை. 5/2 எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் இரண்டு கூடினால் 25/4 மடங்கு, இலக்கம் ஐந்து, ஆகவே 5/4. ஏறுமுகம். மேலே இருக்கும் எண் கீழே இருப்பதன் வர்க்கத்தைத் தாண்டினால் மாலைமாற்றுகள் பெருகும், தாண்டாவிட்டால் தேயும். 3 நாலைத் தாண்டவில்லை. ஒன்றரை நூலிழையில் தோற்ற அடிமானம்.

2 பிப்ரவரி

பதினான்கையும் பதினைந்தையும் கையாலேயே முடித்துவிட்டேன். நிரல் எழுதினால் ஒரு நொடி என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள், தெரியும். 170-ஐத் தவறவிட்டவனுக்குப் பரிகாரம் வேண்டாமா.

பதினான்கில் எதுவும் இல்லை. பதினைந்தில் தொடங்க ஒன்பது தலைகள்: 36, 38, 40, 42, 44, 46, 48, 50, 52. ஏழு சீக்கிரமோ தாமதமாகவோ நடுவழியில் விழுந்தன. 48-இல் தொடங்கியது நடு இலக்கம் 0 வைத்ததும் 72, 108, 164, 248, 372, 560 என்று ஒவ்வொரு படியும் இரட்டைப்படையாகவே ஏறியது. கடைசி 2-க்கு முன்னால் ஒரே ஒரு 1 ஒட்டவேண்டும். ஒட்டினேன். 841.

52-ம் அதே மாதிரி 78, 118, 178, 268, 404, 608 வரை வந்தது. அப்புறம் 913.

ஆக 1418 வரை பட்டியல் மாறவில்லை: 1, 2, 5, 8, 17, 35, 170, 278, 422, 494. இதில் இரட்டை நீளம் உள்ளவை 5, 35, 170. பதினாறு இலக்கம் 1419-இல் தொடங்குகிறது. அதை நிரலுக்கு விடுகிறேன்.